தஞ்சை சங்கீத வித்யா மகாஜன சங்கம்

தஞ்சை சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்பது தென்னிந்திய இசையின் வரலாற்றையும் இலக்கணத்தையும் ஆராய்வதற்காக 1912ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு ஆகும். இதனை நிறுவியவர் சித்த மருத்துவரும் இசை ஆய்வாளருமான ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆவார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் இசைக்கெனத் தனித்துறை இல்லாதிருந்த காலத்தில், பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று செய்யவேண்டிய பணியை இச்சங்கம் தனி ஒருவரின் பொருட்செலவில் மேற்கொண்டது. 1912க்கும் 1916க்கும் இடையில் ஏழு இசை மாநாடுகள் இதன் சார்பில் நடத்தப்பட்டன. இந்த ஆய்வுகளின் முடிவுகள் 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக வெளிவந்தன.

ஓர் இசை மண்டிலத்தில் எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே இச்சங்கம் முதன்மையாக எடுத்துக்கொண்ட கேள்வியாகும். அதற்குப் பண்டிதர் கண்ட விடையைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் பழந்தமிழ் நூல்களின் இசைக் குறிப்புகளைக் கணக்கிட்டும் கருவியில் இசைத்தும் சோதிக்கலாம் என்னும் ஆய்வுமுறை, தமிழிசை ஆய்வுக்கு அடிப்படையாக அமைந்தது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை தென்னிந்திய இசை பெரும்பாலும் குரு மாணவர் மரபின் வழியே வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டது. இசை இலக்கணம் பற்றிய உரையாடல்களில் சமசுகிருத நூல்களான பரதரின் நாட்டிய சாத்திரம், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம், பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டி பிரகாசிகை ஆகியவையே சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. தமிழில் இசை இலக்கணம் இருந்ததா என்பதே அன்று ஐயத்துக்குரியதாக இருந்தது. பழைய இசைத்தமிழ் நூல்கள் பல மறைந்துவிட்டமை இதற்கு ஒரு காரணமாகும்.

1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்கு நல்லார் உரையுடனும் பதிப்பித்து வெளியிட்டார். அந்நூலின் அரங்கேற்று காதை, வேனிற் காதை, ஆய்ச்சியர் குரவை ஆகிய பகுதிகளில் யாழ், குழல், சுரங்கள், பண்கள் பற்றிய நுட்பமான செய்திகள் உள்ளன. அடியார்க்கு நல்லார், மறைந்துபோன இசை நூல்கள் சிலவற்றிலிருந்து மேற்கோள்களையும் தந்துள்ளார். எனவே பழந்தமிழரின் இசைமுறையை நூற்சான்று கொண்டு ஆராயும் வாய்ப்பு இப்பதிப்பால் ஏற்பட்டது. எனினும் இப்பகுதிகளின் கலைச்சொற்களுக்கு வழக்கிலிருந்த இசையில் பொருள் காண்பது எளிதாக இருக்கவில்லை. புலவர்கள் பலருக்கு இசைப்பயிற்சி இல்லை. இசைவாணர் பலருக்குப் பழந்தமிழ் நூற்பயிற்சி இல்லை. இவ்விடைவெளியே சங்கத்தின் தோற்றத்துக்குக் களமாக அமைந்தது.

இதே காலத்தில் நடைமுறையிலிருந்த இசையை எழுத்தில் பதிவு செய்யும் முயற்சிகளும் நடைபெற்றன. அ. மு. சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிட்டார். எட்டயபுரம் அரண்மனை வித்துவானாகிய சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலைத் தெலுங்கில் வெளியிட்டார்.

நிறுவனர்

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகத்து 2ஆம் நாள் சாம்பவர் வடகரையில் பிறந்தார். இவ்வூர் தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாற்றின் வடிநிலப் பகுதியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற இவர், அங்கேயே வயலின் இசையையும் பயின்றார். பின்னர் தஞ்சாவூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

சித்த மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டிருந்த பண்டிதர், ஆசிரியப் பணியை விடுத்து முழுநேர மருத்துவரானார். சுருளி மலையில் தாம் சந்தித்த கருணானந்தர் என்னும் துறவியின் நினைவாகத் தம் மருத்துவமனைக்குக் கருணாநிதி வைத்தியசாலை எனப் பெயரிட்டார். அவருடைய மருந்துகள் இந்தியாவுக்கு வெளியிலும் விற்பனையாயின. 1909ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. மருத்துவத் தொழிலில் ஈட்டிய பொருளே பின்னர் இசை ஆய்வுக்குச் செலவிடப்பட்டது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயரால் பண்டிதர் தஞ்சாவூரில் நிறுவிய மின் அச்சகத்திலேயே அவருடைய ஆய்வு நூலும் அச்சாயிற்று. இவ்வாறு ஆய்வு, மாநாடு, அச்சு ஆகிய மூன்றும் ஒருவர் பொறுப்பிலேயே அமைந்தன.

தோற்றமும் மாநாடுகளும்

சங்கம் 1912ஆம் ஆண்டு மே மாதத்தில் தஞ்சாவூரில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. இசைவாணர்கள், கருவியிசைக் கலைஞர்கள், தமிழ்ப் புலவர்கள், வடமொழி அறிஞர்கள், இசையில் ஆர்வமுள்ள பிற துறையினர் ஆகியோரை ஓரிடத்தில் கூட்டி உரையாடச் செய்வது இதன் நோக்கமாகும். சுருதிகளின் எண்ணிக்கை, இராகங்களின் இலக்கணம் முதலிய பொருள்கள் விவாதிக்கப்பட்டன. செலவுகளைப் பண்டிதரே ஏற்றுக்கொண்டார்.

அரசவைகளிலும் கோயில் விழாக்களிலும் இசைவாணர்கள் கூடுவது பழைய வழக்கமே. ஆனால் கச்சேரிக்காக அன்றிக் கேள்வி ஒன்றுக்கு விடை காண்பதற்காக அவர்களைக் கூட்டியமை இம்மாநாடுகளின் தனித்தன்மை எனலாம். அகில இந்திய இசை மாநாடு முதன்முதலாக 1916ஆம் ஆண்டில் பரோடாவிலேயே நடைபெற்றது. சென்னை மியூசிக் அகாதெமி 1928ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தஞ்சை மாநாடுகள் இவ்விரண்டுக்கும் முற்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

சுருதிச் சிக்கல்

சங்கத்தின் ஆய்வைப் புரிந்துகொள்ள, சுருதிச் சிக்கல் யாது என அறிதல் வேண்டும்.

ஒரு சுரத்துக்கும் அதன் இரட்டிப்பு அதிர்வெண் கொண்ட மேற்சுரத்துக்கும் இடைப்பட்ட பகுதி மண்டிலம் அல்லது தாயி எனப்படும். இதனுள் ஏழு சுரங்கள் அமைகின்றன. பழந்தமிழில் இவை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப்படும். இவை முறையே இக்காலத்துச் ச, ரி, க, ம, ப, த, நி ஆகியவற்றுக்கு இணையானவை. சுரங்களுக்கு இடைப்பட்ட சிறு இடைவெளிகளை அளக்கும் அலகு வடமொழி நூல்களில் சுருதி எனவும், தமிழ் நூல்களில் மாத்திரை அல்லது அலகு எனவும் குறிப்பிடப்படுகிறது.

சிலப்பதிகார உரையில் காணப்படும் பகுப்பு வருமாறு:

- குரல் – 4
- துத்தம் – 4
- கைக்கிளை – 3
- உழை – 2
- இளி – 4
- விளரி – 3
- தாரம் – 2

இவற்றின் கூட்டுத்தொகை 22 ஆகும். பரதரும் சாரங்கதேவரும் கூறும் சுருதிகளின் தொகையும் 22 ஆகும். எனவே இந்திய இசையில் 22 சுருதிகள் உள்ளன என்பது பொதுக் கருத்தாக இருந்தது. ஆனால் அந்த 22 சுருதிகளும் ஒரே அளவினவா, வெவ்வேறு அளவினவா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

பண்டிதர் மண்டிலத்தில் 24 சம அலகுகள் உள்ளன என முடிவு செய்தார். அவருடைய வாதத்துக்குக் குரலுக்கும் இளிக்கும், அதாவது சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு அடிப்படையாகும். இவ்விரு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும்போது மிகவும் இயைந்து கேட்கும். பஞ்சமத்தின் அதிர்வெண் சட்சத்தின் அதிர்வெண்ணைப் போல ஒன்றரை மடங்கு ஆகும்.

ஒரு சுரத்திலிருந்து அதன் இளியையும், அந்த இளிக்கு மேலும் ஓர் இளியையும் எனத் தொடர்ந்து எடுத்துச் சென்றால், பன்னிரண்டு அடிகளில் ஏறத்தாழத் தொடங்கிய சுரத்துக்கே ஏழு மண்டிலங்கள் மேலே வந்து சேரலாம். ஆனால் கணக்கு முற்றிலும் பொருந்துவதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 கிடைக்கிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 கிடைக்கிறது. வட்டம் மூடவேண்டுமானால் இந்தச் சிறு மிகையைப் பன்னிரண்டு இளிகளுக்கும் பகிர்ந்து குறைக்கவேண்டும். அவ்வாறு செய்தால் மண்டிலம் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரியும். பியானோ, ஆர்மோனியம், கித்தார் ஆகிய கருவிகளில் இன்று வழங்குவது இப்பகுப்பே ஆகும். ஒவ்வோர் அரைச்சுரத்தையும் இரண்டாகப் பகுத்தால் 24 அலகுகள் கிடைக்கின்றன.

பண்டிதர் பழந்தமிழரின் வட்டப்பாலை முறையை இதற்குச் சான்றாகக் காட்டினார். வட்டப்பாலை என்பது வட்டம் ஒன்றைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்து, அவற்றுள் இடபம், கடகம், சிங்கம், துலாம், தனுசு, கும்பம், மீனம் ஆகிய ஏழு வீடுகளில் ஏழு சுரங்களை நிறுத்தும் முறையாகும். வட்டம் பன்னிரண்டு சம வீடுகளாக அமைவதால், ஒரு வீட்டுக்கு இரண்டு அலகு வீதம் மொத்தம் 24 அலகுகள் என்பது அவர் கொள்கை.

அவ்வாறாயின் உரையில் 22 என வருவது ஏன் என்னும் கேள்வி எழுகிறது. கைக்கிளையும் விளரியும் இயல்பில் நான்கு அலகு உடையவை. இசைக்கும்போது இவ்விரண்டிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடுவது பழையோர் வழக்கம். அவ்வழக்கமே 22 என்னும் தொகைக்குக் காரணமாயிற்று என்பது பண்டிதரின் விளக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இசை இடைவெளிகளை அளக்கச் சென்ட் என்னும் அலகு பயன்படுகிறது. ஆங்கிலேய அறிஞர் அலெக்சாந்தர் எல்லிசு 1880களில் அறிமுகப்படுத்திய இம்முறையில் ஒரு மண்டிலம் 1200 சென்ட் ஆகும். இயற்கையான பஞ்சமம் 702 சென்ட் உயரத்தில் நிற்கும்.

பழைய நூல்களின்படி சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே 13 சுருதிகள் உள்ளன. 22 சுருதிகளும் சம அளவின எனக் கொண்டால், பதின்மூன்றாம் சுருதி 709 சென்ட் உயரத்தில் அமையும். இது இயற்கைப் பஞ்சமத்தை விட 7 சென்ட் மிகுதியாகும். பயின்ற செவிக்கு இவ்வேறுபாடு புலப்படும். 24 சம அலகுகளில் பஞ்சமம் பதினான்காம் அலகாகும். அது 700 சென்ட் உயரத்தில் அமையும். இயற்கைப் பஞ்சமத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 2 சென்ட் மட்டுமே. எனவே சம அலகுகள் என்னும் எடுகோளை ஏற்றால் பண்டிதரின் கணக்கே பொருத்தமாகிறது.

ஆனால் 22 சுருதிக் கொள்கையினர் பலர் சுருதிகள் சம அளவின அல்ல என்றே கருதுகின்றனர். அவர்கள் கருத்துப்படி நான்கு சுருதி இடைவெளி 204 சென்ட், மூன்று சுருதி இடைவெளி 182 சென்ட் ஆகும். இதன்படி நோக்கினால் இயற்கையான காந்தாரம் 386 சென்ட் உயரத்திலும், பன்னிரு சமப் பகுப்பின் காந்தாரம் 400 சென்ட் உயரத்திலும் நிற்கும். தைவதம் முறையே 884 சென்ட், 900 சென்ட் ஆகும். உரையில் ஓர் அலகு குறைந்து காணப்படும் கைக்கிளையும் விளரியும் இவ்விரு சுரங்களே என்பது கருதத்தக்கது. பண்டிதர் இதனைப் பாடுவோர் செய்த மாற்றம் எனக் கொண்டார். எதிர்க்கருத்தினர் இதுவே சுரங்களின் இயற்கையான இடம் எனக் கொண்டனர். ஒரே சான்றுக்கு இரு வேறு விளக்கங்கள் தரப்பட்டமையே இச்சிக்கல் நீடித்ததற்குக் காரணமாகும்.

நால்வகைப் பாலைகள்

அலகுகளைப் பகுக்கும் முறைகள் நான்கு என்றும், அவை பழந்தமிழ் நூல்களில் கூறப்படும் நால்வகைப் பாலைகளே என்றும் பண்டிதர் விளக்கினார்.

- ஆயப்பாலை – மண்டிலத்தை 12 அரைச்சுரங்களாகப் பகுப்பது
- வட்டப்பாலை – 24 அலகுகளாகப் பகுப்பது
- திரிகோணப்பாலை – 48 பகுதிகளாகப் பகுப்பது
- சதுரப்பாலை – 96 பகுதிகளாகப் பகுப்பது

இவற்றுள் ஆயப்பாலையும் வட்டப்பாலையும் பின்வந்த ஆய்வாளர்களால் விரிவாக ஆராயப்பட்டன. மற்ற இரண்டுக்கும் பண்டிதர் தந்த நுண்பகுப்பு விளக்கம் பொது உடன்பாட்டைப் பெறவில்லை.

பண்ணுப்பெயர்த்தல்

ஒரு சுரவரிசையின் ஒவ்வொரு சுரத்தையும் மாறி மாறிக் குரலாகக் கொண்டு, புதிய சுரவரிசைகளைப் பெறும் முறை பண்ணுப்பெயர்த்தல் எனப்படும். கருநாடக இசையில் இது கிரகபேதம் என வழங்குகிறது. சிலப்பதிகாரம் இம்முறையில் ஏழு பாலைகள் பிறப்பதைக் கூறுகிறது. ஏழு பாலைகளுள் முதலாவதாகிய செம்பாலை எந்த இராகம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அது அரிகாம்போதி என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவாகும். அதன்படி ஏழு பாலைகளும் வருமாறு அமையும்:

- செம்பாலை – அரிகாம்போதி
- படுமலைப்பாலை – நடபைரவி
- செவ்வழிப்பாலை – தூய பஞ்சமம் அமையாத சுரவரிசை
- அரும்பாலை – சங்கராபரணம்
- கோடிப்பாலை – கரகரப்பிரியா
- விளரிப்பாலை – தோடி
- மேற்செம்பாலை – கல்யாணி

வீணை, ஆர்மோனியம் போன்ற கருவி ஒன்றில் அரிகாம்போதியின் சுரங்களை மட்டும் பயன்படுத்தி, தொடங்கும் சுரத்தை மாற்றி வாசித்தால் இவ்வரிசைகள் பிறப்பதை எவரும் கேட்டு அறியலாம். நூலில் உள்ள குறிப்பு ஒன்றைக் கருவியில் சோதித்துப் பார்க்கும் முறைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

பரோடா மாநாடு

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பரோடாவில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு நடைபெற்றது. பரோடா மன்னர் மூன்றாம் சாயாசிராவ் இதற்கு ஆதரவளித்தார். இந்துத்தானி இசை அறிஞர் வி. நா. பாத்கண்டே இதனை ஒழுங்கமைப்பதில் முன்னின்றார்.

அக்காலத்தில் மேற்கு இந்தியாவில் 22 சுருதிக் கொள்கைக்குச் செல்வாக்கு இருந்தது. கி. பா. தேவல் 1910ஆம் ஆண்டில் 22 சுருதிகள் பற்றி ஆங்கிலத்தில் நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். பிரித்தானிய இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த எ. கிளமெண்ட்சு 1913ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். இவர்கள் 22 சுருதிகளை இசைக்கக்கூடிய ஆர்மோனியம் ஒன்றையும் உருவாக்கியிருந்தனர்.

இப்பின்னணியில் ஆபிரகாம் பண்டிதர் பரோடா மாநாட்டில் கலந்துகொண்டு தம் 24 அலகுக் கொள்கையை எடுத்துரைத்தார். அவருடைய மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் அக்கொள்கையைப் பாட்டாலும் வீணையாலும் செய்துகாட்ட உதவினர். பெண்கள் பொது அரங்குகளில் ஆய்வு விளக்கம் தருவது அரிதாக இருந்த காலத்தில் இது நிகழ்ந்தது. மாநாட்டில் சுருதிகள் பற்றி ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. எனினும் பழந்தமிழ் இசை இலக்கணத்தின் அடிப்படையில் அமைந்த கொள்கை ஒன்று அனைத்திந்திய அரங்கில் விவாதத்துக்கு வந்தது.

கருணாமிர்த சாகரம்

சங்கத்தின் ஆய்வுகள் 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இந்நூல் தமிழிசையின் தொன்மை, சுருதிகள் பற்றிய பல்வேறு அறிஞர்களின் கருத்துகள், அவற்றின் மீதான மறுப்புகள், பழந்தமிழ் நூல்களின் இசைமுறை ஆகியவற்றை விரிவாகப் பேசுகிறது. எதிர்க்கருத்துகளைத் தொகுத்துக் கூறி, கணக்கீட்டு அட்டவணைகளுடன் ஒவ்வொன்றாக ஆராய்வது இந்நூலின் நடையாகும்.

இதற்கு முன்னர், 1907ஆம் ஆண்டில், இசை பயில்வோருக்கான தமிழ்ப் பாடல்களைக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரில் பண்டிதர் வெளியிட்டிருந்தார். தொடக்கநிலைப் பாடங்களும் தமிழில் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. பண்டிதர் 1919ஆம் ஆண்டில் காலமானார். அவர் எழுதிவைத்த பகுதிகள் கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகமாக 1946ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவருடைய மகன் ஆ. அ. வரகுண பாண்டியன் யாழ் பற்றி ஆராய்ந்து, பாணர் கைவழி என்னும் நூலை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

மறுப்புகளும் மதிப்பீடுகளும்

பண்டிதரின் 24 அலகுக் கொள்கையைப் பின்வந்த தமிழறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. ஈழத்தைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ் நூலில் 22 அலகு முறையையே கொண்டார். எனினும் சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளைக் கணித முறையில் ஆராயும் வழியில் அவரும் சென்றார். பின்னர் இசைக் கலைஞரும் ஆய்வாளருமான எசு. இராமநாதன் சிலப்பதிகார இசையையும், வீ. ப. கா. சுந்தரம் பழந்தமிழ் இசை இலக்கணத்தையும் ஆராய்ந்தனர். பண்டிதர் காலத்தில் கிடைக்காதிருந்த பஞ்சமரபு என்னும் பழைய இசை நூல் 1970களில் அச்சில் வந்தபோது, அவருடைய விளக்கங்களைப் புதிய சான்றுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

நடைமுறை இசையை அளந்து பார்த்த ஆய்வுகள் சிக்கலை வேறு கோணத்தில் காட்டின. இந்துத்தானி இசைக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை நசீர் சைரசுபாய் என்பவரும் அ. வா. இசுடோன் என்பவரும் அளந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கலைஞர்கள் சுரங்களை நிலையான சுருதி இடங்களில் நிறுத்துவதில்லை எனத் தெரியவந்தது. கருநாடக இசையில் கமகம் முதன்மையானது. ஆதலால் ஒரு சுரம் ஒரு புள்ளியில் நில்லாமல் அசைவுடன் ஒலிக்கிறது. எனவே 22, 24 ஆகிய எண்களை இசை இலக்கணத்தின் கோட்பாட்டு அளவுகளாகக் கொள்வது ஏற்புடையது என்பது பலர் கருத்தாகும்.

கருணாமிர்த சாகரத்தில் தமிழிசையின் தொன்மையைக் கடல்கொண்ட பெருநிலம் ஒன்றோடு தொடர்புபடுத்திக் கூறும் பகுதிகளும் உள்ளன. இலெமூரியா என்னும் கண்டம் பற்றிய கருதுகோள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலில் இடம்பெற்றிருந்தது. நிலத்தட்டு நகர்வுக் கொள்கை நிறுவப்பட்ட பின்னர் நிலவியலாளர் அதனைக் கைவிட்டனர். ஆகவே நூலின் இப்பகுதியை அக்காலச் சூழலில் வைத்தே படித்தல் வேண்டும். இசை அளவீடு பற்றிய பகுதிகள் இதனைச் சார்ந்து நிற்பவை அல்ல.

சங்கத்தின் கவனம் நூல்சார்ந்த இசையின் மீதே இருந்தது. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், தாலாட்டு, ஒப்பாரி முதலிய நாட்டார் இசை வடிவங்கள் அதன் ஆய்வுப் பரப்பில் முதன்மை பெறவில்லை. அவற்றுக்கான முறையான ஆய்வு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வளர்ச்சி பெற்றது.

பல்கலைக்கழகங்களில் தொடர்ச்சி

பண்டிதரின் மறைவுக்குப் பின்னர் சங்கத்தின் மாநாடுகள் தொடரவில்லை. ஒருவரின் பொருளையும் முயற்சியையும் மட்டுமே சார்ந்திருந்தமை இதன் வலிமையாகவும் வரம்பாகவும் இருந்தது எனலாம். இது எடுத்துக்கொண்ட பணி பின்னர் நிலையான நிறுவனங்களுக்கு மாறியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத்துறை 1932ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய பி. சாம்பமூர்த்தி இசை வரலாற்றையும் இலக்கணத்தையும் பாடநூல்களாக எழுதினார். 1929ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இசைக் கல்லூரியையும் கொண்டிருந்தது. அங்கு 1941ஆம் ஆண்டில் நடைபெற்ற தமிழிசை மாநாடு தமிழிசை இயக்கத்துக்கு வழிகோலியது. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கம் 1949ஆம் ஆண்டு முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. ஓதுவார்களும் இசைவாணர்களும் புலவர்களும் ஒருங்கே அமர்ந்து தேவாரப் பண்களை ஆராயும் அக்கூட்டங்களில், தஞ்சை மாநாடுகளின் அமைப்பைக் காணலாம். சங்கம் இயங்கிய தஞ்சாவூரிலேயே 1981ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் வீ. ப. கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை 1990களில் தொகுதிகளாக வெளியிட்டது.

தாமிரபரணிப் பகுதியும் இசை ஆய்வும்

சங்கம் தஞ்சாவூரில் இயங்கியதாயினும் அதன் நிறுவனர் பழைய திருநெல்வேலி மாவட்டத்தவர் ஆவார். இசை வரலாற்றுக்கு நூல் வடிவம் தந்தவர் வேறு சிலரும் இம்மாவட்டத்தைச் சார்ந்தவர்களே. சுப்பராம தீட்சிதர் வாழ்ந்து நூல் எழுதிய எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. முக்கூடலுக்கு அண்மையில் உள்ள அரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர் (1877–1945) பாடகராகவும் பாடலாசிரியராகவும் புகழ்பெற்றதோடு, சங்கீத கல்பத்ருமம் என்னும் இசை இலக்கண நூலையும் எழுதினார். அதற்காகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1943ஆம் ஆண்டில் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

இவர்களில் தீட்சிதர் தெலுங்கிலும், பாகவதர் வடமொழியிலும், பண்டிதர் தமிழிலும் எழுதினர். தீட்சிதர் கீர்த்தனைகளைக் குறியீட்டில் பதிந்து வழக்கிலிருந்த இசையைக் காத்தார். பாகவதர் இசை இலக்கணத்தை நூலாகத் தொகுத்தார். பண்டிதர் வழக்கொழிந்த இசைமுறை ஒன்றை மீட்டறிய முயன்றார்.

நாட்டார் இசையைப் பொறுத்தவரை, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சார்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இப்பகுதியின் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டி ஆய்வு செய்துவந்துள்ளது. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகிய கருவிகளுடன் கோயில் கொடை விழாக்களில் நிகழ்த்தப்படும் வில்லுப்பாட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்குச் சிறப்பாக உரியதாகும். தஞ்சைச் சங்கம் ஏடுகளில் தேடிய இசை வரலாற்றின் மறுபகுதி இவ்வாறு பாடுவோரின் வாய்மொழியிலிருந்து பதிவு செய்யப்பட்டு வருகிறது.